டிராக்டர் நுழையாத ஏக்கர்

அன்று காலை பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே டிராக்டர்காரர் முடிவெடுத்துவிட்டார். இனிமேல் பொறுக்க முடியாது. இன்றைக்கு இரண்டில் ஒன்று. வாய் நிறைய நுரை இருந்ததால் முடிவை உடனே உரக்கச் சொல்ல வழியில்லை. கொப்பளித்துத் துப்பியதில் பாதி வேகம் தண்ணீரோடு போய்விட்டது. இருந்தாலும் சொன்னார்.

"இன்னிக்கு உன் ஏக்கர்ல டிராக்டர் இறங்குது."

சமையலறையிலிருந்து பாத்திரம் உருளும் சத்தம்தான் வந்தது.

"காதுல விழுந்துச்சா?"

"தட்டுதான் விழுந்துச்சு. நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

பாருங்கள், இதுதான் அந்த வீட்டில் அவருக்குக் கிடைக்கிற மரியாதை. வெளியே அவர் யார்? நாற்பது பேருடைய நிலத்தை உழுது கொடுக்கிறவர். சட்டிக் கலப்பை ஒன்று, கொக்கிக் கலப்பை ஒன்று, கட்டியை மாவாக அரைக்கிற ரோட்டவேட்டர் ஒன்று, மூன்றும் சொந்தம். அவர் டிராக்டர் ஒரு முறை போய்வந்த வயலில் புல் பூண்டு தலை தூக்காது. அப்பேர்ப்பட்டவருக்கு வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக இரண்டு ஏக்கர் இருக்கிறது. அந்த இரண்டில் ஒன்றில்தான் அவர் டிராக்டருக்கு அனுமதி. இன்னொன்றில் அதன் நிழல்கூட விழக் கூடாது. முடிதிருத்துகிறவரின் மனைவி தன் பிள்ளையை வேறு கடைக்கு அனுப்பினால் அவர் மனசு என்ன பாடுபடும்? அந்தப் பாடுதான் இவர் ஐந்து வருஷமாகப் பட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் மக்காச்சோளம் கருகிப்போன ஒரு கோடையில் அவர் மனைவி கேட்டாள்: "ஒரு ஏக்கர் எனக்கு விடுங்க. என் இஷ்டத்துக்குப் பண்ணிப் பாக்கறேன்." அவளுக்குப் பால் சங்கத்தில் வேலை. காலையில் பால் அளந்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்து, கலந்தவர்களை ஒரு பார்வையிலேயே நெளியவைக்கிறவள். பால் அளக்கிறவளுக்கு நிலத்தைப் பற்றி என்ன தெரியும், இரண்டு மாதம் விளையாடிவிட்டுப் போகட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் இப்போதும் தன்னைத் தானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

அவள் உழவே இல்லை. அறுத்த தட்டையை அப்படியே மண்மேல் பரப்பிவிட்டாள். இரண்டு போகத்துக்கு நடுவில் தட்டைப்பயறு விதைத்து, காய்க்கிறதற்கு முன்னால் அறுத்து, அதையும் அங்கேயே போட்டாள். சங்கத்துக்காரர்கள் வீட்டிலிருந்து சாணியைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினாள். நிலமா அது? ஊர்க் குப்பை. வரப்புக்கு இந்தப் பக்கம் அவர் ஏக்கரைப் பாருங்கள். அறுவடை முடிந்த மறுநாளே தட்டையைக் கொளுத்திவிடுவார். பிறகு ஒரு உழவு, இரண்டாம் உழவு என்று மொத்தம் ஐந்து உழவு. பெருக்கிவிட்ட கூடம் போலத் துப்புரவாக இருக்கும். உட்கார்ந்து சாப்பிடலாம்.

இந்த வருஷம் மழை மூன்று வாரம் ஏமாற்றியது. அவர் மக்காச்சோளம் இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றது. அவள் மக்காச்சோளம், நாட்டில் எதுவுமே நடக்காத மாதிரி பச்சையாக நின்றது. அதையாவது சகித்துக்கொண்டிருப்பார். ஆனால் வழியோடு போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றிக்கொண்டு, "அண்ணே, அண்ணி ஏக்கர் உழாமலே இப்படி நிக்குதே?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அறுவடை முடிந்ததும் இரண்டு பேர் வந்து, "இந்தத் தடவை ஒரு உழவு போதும்ணே" என்றார்கள். சொந்தப் பெண்டாட்டியே உழவிடாதவனை ஊரில் எவன் கூப்பிடுவான்? பிழைப்பில் மண் விழுந்தது. விழுந்த மண் அவள் ஏக்கர் மண்.

அதனால்தான் நுரையோடு எடுத்த அந்த முடிவு.

"இந்தா பாரு. அஞ்சு வருஷம் விளையாடியாச்சு. இன்னிக்கு உன் பக்கமும் உழப் போறேன். அவ்வளவுதான்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "எதுக்குங்க?"

"எதுக்கா? நிலம்னா உழணும்!"

"நல்லா வெளஞ்சுதே."

"அது... அது குருட்டு அதிர்ஷ்டம்!"

"அஞ்சு வருஷமாவா?"

பின்பக்கச் சுவருக்கு மேல் ஒரு தலை முளைத்தது. பக்கத்து வீட்டுக் கண்டக்டர். பஸ்ஸிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகிறது. காதுக்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. யார் வீட்டில் குரல் உயர்ந்தாலும் தலை சுவர்மேல் வந்துவிடும்.

"என்ன தம்பி, காலங்காத்தால கூட்டம் ஜாஸ்தியா இருக்கு?"

"நீங்களே சொல்லுங்க சார். உழாத நிலம் நிலமா?"

"எனக்கு ரோடுதான் தெரியும். ஆனா ஒண்ணு, திங்கக்கிழமை பால் சங்கத்துக்கு மண்ணு டெஸ்ட் பண்ற மேடம் வராங்க. பை குடுப்பாங்களாம். யாரோட மண்ணு ஒசத்தின்னு அவங்க மெஷின் சொல்லிடப் போகுது. நீங்க எதுக்குத் தொண்டையை வீணடிக்கறீங்க?"

அவள் உடனே, "நல்ல யோசனைண்ணே. மண்ணே சொல்லட்டும்" என்றாள்.

டிராக்டர்காரருக்குச் சுருக்கென்று ஏறியது. "சொல்லட்டும்! தாராளமா சொல்லட்டும்! யார் மண்ணு ஜெயிக்குதோ, அவங்க முறைதான் ரெண்டு ஏக்கருக்கும். நான் ஜெயிச்சா உன் ஏக்கர்ல கலப்பை இறங்கும். மூச்சு விடக் கூடாது."

"நான் ஜெயிச்சா?"

"ஹ!" என்றார் அவர். அவ்வளவுதான் அந்தக் கேள்விக்கு அவர் கொடுத்த மதிப்பு.

"ஹன்னா என்னங்க அர்த்தம்?"

"நீ ஜெயிச்சா என் ஏக்கர்லயும் உன் குப்பையைக் கொட்டிக்கோ. போதுமா?"

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"என் நாக்கு என்ன உன் நாக்கா?"

"டிக்கெட் கிழிச்சாச்சு. இனி நடுவுல இறங்க முடியாது" என்றார் கண்டக்டர். தலை சுவருக்குப் பின்னால் இறங்கிப்போனது.

திங்கட்கிழமை பால் சங்கக் கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். டிராக்டர்காரர் முன் வரிசையில், தோற்கப்போகிறவர்கள்மேல் இரக்கப்படுகிற முகத்தோடு இருந்தார். மண் மேடம் சின்னப் பெண். குரல் மட்டும் கணீரென்று இருந்தது.

"மண்ணை உயிரோட வெச்சிருக்கறது எது, சொல்லுங்க பாப்போம்."

"டிராக்டர்" என்றார் அவர்.

"இல்லீங்க. மக்கு."

கூடம் சிரித்தது. அவர் எழுந்துவிட்டார். "யாரைப் பாத்து மக்குன்னு சொல்றீங்க?"

"ஐயோ, உங்களை இல்லீங்க ஐயா. மண்ணுல இருக்கற மக்கு. இலை, தட்டை, வேரு, சாணி, செத்த புழு பூச்சி எல்லாம் மக்கி மண்ணோட மண்ணா கலந்திருக்கே, அது. தண்ணியைப் பிடிச்சு வெக்கறதும் அதுதான், பயிருக்குச் சத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குடுக்கறதும் அதுதான். அதுல இருக்கற கரிமத்தைத்தான் நாங்க அளந்து பாக்கப் போறோம்."

அவர் உட்கார்ந்தார். ஆனால் மேடம் விடவில்லை.

"நம்ம மாதிரி வெயிலும் மழையும் சேர்ந்த ஊருல ஒரு கஷ்டம் இருக்கு. மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்ங்க இந்த மக்கைத் தின்னுட்டே இருக்கும். குளிர் தேசத்துல அதுங்க பாதி வருஷம் தூங்கும். இங்க அதுங்களுக்கு லீவே கிடையாது. அதனால நம்ம மண்ணுல மக்கைச் சேக்கறது கஷ்டம், தொலைக்கறது சுலபம். திரும்பத் திரும்ப உழுது புரட்டினா காத்து உள்ள போகும். அதுங்களுக்கு விருந்து வெச்ச மாதிரி. தட்டையைக் கொளுத்தினா மண்ணுக்குப் போக வேண்டிய சாப்பாடு புகையாப் போயிடும். காட்டை வெட்டி வருஷா வருஷம் உழற நிலத்துல, பத்து இருபது வருஷத்துல பாதி மக்குகூட காணாமப் போயிடலாம்."

டிராக்டர்காரருக்குக் காது சுட்டது. அவருடைய வண்டி நம்பரை மட்டும்தான் மேடம் சொல்லவில்லை. பின் வரிசையில் பெண்களோடு உட்கார்ந்திருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஒன்றும் தெரியாதவள் போலப் பையின் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கிரமம் இல்லையா இது? போட்டியை ஒத்துக்கொண்டபோது, எந்த மண் சுத்தம், எந்த மண் பொலபொலவென்று இருக்கிறது என்று பார்ப்பார்கள் என்றுதானே அவர் நினைத்தார்? குப்பைக்கு மார்க் போடுவார்கள் என்று யார் கண்டது? ஓட்டப் பந்தயம் என்று கூப்பிட்டு உட்காரச் சொல்கிற கதை. ஆனால் டிக்கெட் கிழித்தாகிவிட்டது. கண்டக்டர் வேறு, விவசாயமே இல்லாதவர், மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

மேடம் ஆளுக்கொரு துணிப்பை கொடுத்தாள். பத்து இடத்தில் மண் எடுக்க வேண்டும். மேலே கிடக்கிற சருகைத் தள்ளிவிட்டு, ஒரு சாண் ஆழத்துக்குச் சரிவாகக் குழி வெட்டி, குழியின் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரல் கனத்துக்குச் சீவ வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, அதில் அரைக் கிலோ மட்டும் பையில் போட்டு, பேரும் நிலமும் எழுதிக் கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் முடிவு.

மறுநாள் காலை அவர் தன் ஏக்கருக்குப் போய் ஒரு கை மண் அள்ளிப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் விரலிடுக்கில் வழிந்து போயிற்று. மோந்து பார்த்தார். ஒரு வாசனையும் இல்லை. இத்தனை வருஷம் தான் பாசத்தோடு உழுத மண், இக்கட்டான நேரத்தில் இப்படிக் கையை விரிக்கிறதே என்று அவருக்கு அதன்மேல் கோபம் வந்தது.

வரப்பின்மேல் நின்று அந்தப் பக்கம் பார்த்தார். மனைவி பால் சங்கத்துக்குப் போயிருந்தாள். வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். கண்டக்டர் பேப்பர் படிக்கிற நேரம். அவர் திருடன் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்த ஏக்கரும் அவருடையதுதானே? தான் கொடுத்ததில் அரைக் கிலோவைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்குப் பேர் திருட்டா? இந்த நியாயத்தை அவர் மூன்று முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். மூன்று முறையும் நன்றாகத்தான் இருந்தது. வரப்பைத் தாண்டினார்.

கால் வைத்ததும் புதைந்தது. சருகைத் தள்ளினால் கீழே கறுப்பாக, ஈரமாக, மழை பெய்து ஓய்ந்த மாதிரி வாசனையோடு மண். மண்வெட்டி போட்டவுடன் இறங்கியது. குழிக்குக் குழி மண்புழு நெளிந்தது. ஒன்று வாளிக்குள் விழுந்துவிட்டது. அதைப் பத்திரமாக எடுத்து வெளியே விட்டார், சாட்சி சொல்லிவிடும் என்று பயந்தவர் மாதிரி. ஒவ்வொரு குழியாக வெட்ட வெட்ட அவருக்கு ஆத்திரம் ஏறியது. அதே நிலம். அதே வெயில். நடுவில் ஒரு முழ அகல வரப்பு. அவரிடம் இல்லாத என்ன சொக்குப்பொடியை இந்த மண்ணுக்குப் போட்டாள்? பத்துக் குழியையும் மூடி, மேலே சருகை இழுத்துவிட்டு, அரைக் கிலோவோடு வீடு வந்து சேர்ந்தார். பையின்மேல் தன் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதினார்.

அவள் வந்தபோது அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் பின்வாசலில் நின்று அவர் செருப்பைப் பார்த்தாள்.

"எங்க போயிருந்தீங்க?"

"என் ஏக்கருக்கு. மண்ணு எடுக்க."

"உங்க ஏக்கருக்கா?"

"பின்ன யார் ஏக்கருக்கு?"

"சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, குழாயைத் திறந்து அந்தச் செருப்பை அவளே கழுவி வெயிலில் வைத்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவருடைய செருப்பைத் தொட்டது கிடையாது. தோல்வி பயம் மனுஷியை எப்படிப் பணியவைக்கிறது என்று அவர் திருப்தியாக நினைத்துக்கொண்டார். சாயந்திரம் அவளும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். திரும்பி வரும்போது பாதம் இரண்டும் வெளுத்துப்போய் இருந்தது. கழுவிக்கொண்டு, தன் பையைக் கட்டி, அவர் பைக்குப் பக்கத்திலேயே வைத்தாள். அவள் முகத்தில் கவலை தெரிகிறதா என்று அவர் உற்றுப் பார்த்தார். தெரியவில்லை. பாவம், மறைக்கிறாள்.

அடுத்த திங்கட்கிழமை கூடத்தில் உட்கார இடமில்லை. பந்தய விஷயத்தைக் கண்டக்டர் எல்லா நிறுத்தத்திலும் இறக்கிவிட்டிருந்தார். மேடம் தாளைப் பிரித்து ஒவ்வொருவராகப் படித்தாள். பெரும்பாலும் நூற்றுக்கு அரைப் பங்கு கரிமம், அரைக்குக் கொஞ்சம் மேலே கீழே. கடைசியில் இந்த வீட்டுக்கு வந்தாள்.

"அம்மாவோட ஏக்கர், பூஜ்யம் புள்ளி மூணு. ரொம்ப ரொம்பக் கம்மி."

கூடத்தில் சலசலப்பு. அவருக்கும் ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது. மூன்றா? அவளுடையதா?

"ஐயாவோட ஏக்கர்... ஒண்ணு புள்ளி நாலு! இந்தச் சுத்துவட்டாரத்துல நான் இப்படி ஒரு எண்ணைப் பாத்ததே இல்லீங்க!"

பிறகு அவர் ஒன்றையும் யோசிக்கவில்லை. எழுந்து நின்றார். நெஞ்சு சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டு வந்தது. நாற்பது வயல்களின் கலப்பைச் சாலும் அவர் முகத்தில் சிரிப்பாக விரிந்தது. பின்னால் திரும்பி, "கேட்டியா?" என்று மனைவியைப் பார்த்துக் கூவினார். "நாளைக்குக் காலைல கலப்பை இறங்குது!"

"சரிங்க" என்றாள் அவள். "நீங்கதான் ஜெயிச்சீங்க. ஜெயிச்சவங்க முறைதான் ரெண்டு ஏக்கருக்கும். எல்லாரையும் சாட்சியா வெச்சுச் சொல்றேன்."

"நானும் சாட்சி" என்றார் கண்டக்டர்.

மேடம் பேனாவோடு ஓடி வந்தாள். "ஐயா, மேல வாங்க. இந்த மண்ணை எப்படிக் கொண்டு வந்தீங்கன்னு எல்லாருக்கும் சொல்லுங்க."

"கொண்டு வந்தேனா? யாரு சொன்னா? யாரு பாத்தா?"

"இல்லீங்க, இவ்வளவு நல்ல நிலைக்குக் கொண்டு வந்தீங்களே, அதைக் கேக்கறேன். உங்க முறை என்னன்னு சொன்னா நான் எழுதிக்குவேன். மத்தவங்களும் அதையே செய்யலாம்."

அவருக்கு உயிர் திரும்பி வந்தது. மேடையில் ஏறித் தொண்டையைச் செருமினார். ஆகா, முப்பது வாடிக்கைக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இதைவிட நல்ல விளம்பரம் எந்த டிராக்டருக்குக் கிடைக்கும்?

"முதல்ல," என்றார், "நான் ஒரு போகத்துக்கு அஞ்சு உழவு..."

மேடத்தின் பேனா நின்றது. "அஞ்சு உழவா? அஞ்சு உழவு உழுதா இந்த எண் வரவே வராதே ஐயா." அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சாம்பிள் எங்கேயோ மாறியிருக்குன்னு நெனைக்கிறேன். பரவாயில்லீங்க, உங்க நிலம் பக்கத்துலதானே? இப்பவே நானே வந்து என் கையால எடுத்துப் பாத்துடறேன்."

அங்கே போனால் என்ன இருக்கும்? கொளுத்தின கரியும், புழு பூச்சி இல்லாத சாம்பல் மண்ணும். ஊரே பார்க்கும்.

"அவசரப்படாதீங்க மேடம்! நான் இன்னும் முடிக்கல. அஞ்சு உழவு... உழுதிட்டிருந்தேன். முன்ன. அதை நிறுத்தி அஞ்சு வருஷம் ஆச்சு."

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்டக்டர் எழுந்தார். "போன வாரம்கூட உங்க பக்கம் டிராக்டர் ஓடுச்சே தம்பி?"

"ஓடுச்சு. யாரு இல்லேன்னா? வண்டி சும்மா நின்னா பேட்டரி இறங்கிடும். கலப்பையைத் தூக்கிட்டு சும்மா ஒரு சுத்து வந்தேன்."

"புகை வந்துச்சே?"

"கொசு!"

"ஒரு ஏக்கர் முழுக்கவா?"

"ஏக்கர் முழுக்கக் கொசு இருந்துச்சு சார்! நீங்க உக்காருங்க!"

மேடம் நிம்மதியாக எழுத ஆரம்பித்தாள். "அப்ப உழறதில்லை. தட்டையை என்ன பண்றீங்க?"

அவர் பின் வரிசையைப் பார்த்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடம் ஒப்பிக்கிற பிள்ளையை டீச்சர் பார்க்கிற பார்வை. வேறு வழியில்லை. ஐந்து வருஷம் வரப்பில் நின்று எதையெல்லாம் கரித்துக்கொட்டினாரோ, அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"தட்டையை எரிக்கக் கூடாது. அப்படியே பரப்பி விட்டுடணும்."

"ரொம்ப சரி. அப்புறம்?"

"நடுவுல... தட்டைப்பயறு விதைக்கணும். பூக்கறப்ப அறுத்து மண்ணு மேலேயே போட்டுடணும்."

"அற்புதம். எரு?"

"சாணி. கூடை கூடையா." இந்த இடத்தில் அவருக்குக் குரல் கம்மியது. கூடத்தில் இருந்தவர்கள் அதை உருக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"கடைசியா ஒரு கேள்வி. நீங்களே டிராக்டர் ஓட்டறவர். நீங்களே உழ வேணாம்னு சொல்றப்ப அதுக்குத் தனி மரியாதை. அடிக்கடி உழுதா மண்ணுக்கு என்ன ஆகும்னு உங்க வாயால சொல்லுங்களேன்."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். "நாசமாப் போகும்" என்றார்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மேடம் எல்லாவற்றையும் தாளில் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். அடுத்த வருஷம் நான்கு ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து இந்த நிலத்தைக் காட்டப்போவதாகவும் சொன்னாள். கீழே இறங்கியபோது வாடிக்கைக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் கண்கலங்கிக் கையைப் பிடித்தார். "உங்க பொழப்பு போனாலும் பரவாயில்லன்னு உண்மையைச் சொன்னீங்களே அண்ணே! வியாழக்கிழமை எங்க வயலுக்கு வர வேணாம். விட்டுடுங்க." இன்னொருவர், "எங்களுக்கும்தான்" என்றார். பதினொரு பேர் விட்டுவிடச் சொன்னார்கள். பதினொரு பேரும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவருக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. ஜெயித்தவன் இப்படியா இருப்பான்? உலகத்தில் எந்தப் போட்டியிலாவது ஜெயித்தவனுடைய பிழைப்பைப் பிடுங்கிக்கொண்டு கைதட்டியிருக்கிறார்களா? அதைவிட ஒரு விஷயம் அவரைக் குடைந்தது. அவர் பையில் இருந்தது அவள் ஏக்கர் மண். ஒன்று புள்ளி நான்கு. சரி. அவள் பையில் இருந்ததும் அவள் ஏக்கர் மண்தானே? அது எப்படிப் பூஜ்யம் புள்ளி மூன்று ஆகும்? கேட்கலாம் என்றால், கேட்ட நிமிஷமே தன் திருட்டு வெளியே வந்துவிடும். தெருமுனை வரை அடக்கிப் பார்த்தார். வீட்டுக் கதவைச் சாத்தியதும் முடியவில்லை.

"அது எப்படி உன் மண்ணு அவ்வளவு மட்டமா வந்துச்சு?"

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். "அது என் மண்ணு இல்லீங்க. உங்க மண்ணு."

"என்னது?"

"என் ஏக்கர் மண்ணைத்தான் நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்களே. செருப்புல அப்பிக்கிட்டு வந்த கறுப்பு மண்ணு உங்க ஏக்கர்ல ஏது? சரி, ரெண்டு பையிலயும் ஒரே மண்ணு இருந்தா மேடம் குழம்பிடுவாங்களேன்னு, நான் உங்க ஏக்கர்ல போய் பத்துக் குழி வெட்டிட்டு வந்தேன். மேல ஒரு விரல் புழுதி, அதுக்குக் கீழ மண்வெட்டியே இறங்கலைங்க, கல்லு மாதிரி இருந்துச்சு."

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "தெரிஞ்சும் விட்டியா? அப்பவே கேட்டிருக்கலாமே! நியாயமா நீயே ஜெயிச்சிருப்பியே!"

"ஜெயிச்சிருப்பேன். நீங்க ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். மெஷின் கோளாறு என்றிருப்பார். மேடம் சின்னப் பெண், அனுபவம் போதாது என்றிருப்பார். கண்டக்டரும் அவளும் கூட்டு என்றிருப்பார். மறுநாள் காலையில் எப்படியும் கலப்பையை இறக்கியிருப்பார். இதெல்லாம் அவருக்கே நன்றாகத் தெரிந்தது. அதனால் ஆத்திரம் இன்னும் இரண்டு மடங்கானது.

"இது பச்சை மோசடி!" என்று குதித்து எழுந்தார். "ஊரை ஏமாத்தியிருக்கோம்! அரசாங்க மேடத்தை ஏமாத்தியிருக்கோம்! நான் இப்பவே போய் அந்த மேடத்துக்கிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லிடப் போறேன். என் மனசாட்சி கேக்காது!"

"சொல்லுங்க. நல்லதுதான்."

"சொல்லத்தான் போறேன்!" என்று செருப்பை மாட்டினார். வாசலைத் தாண்டினார். கேட்டின் கொண்டியில் கை வைத்தார். அப்படியே நின்றுவிட்டார். உள்ளதை உள்ளபடி சொன்னால், ஒன்று புள்ளி நான்கு யாருடைய மண்? பூஜ்யம் புள்ளி மூன்று யாருடையது? அப்போது ஜெயித்தது யார்? ஜெயித்தவர் முறைதான் இரண்டு ஏக்கருக்கும் என்று சொன்னது எந்த நாக்கு? பொய்யை அப்படியே விட்டாலும், மேடையில் அவர் வாயால் சொன்னது அவள் முறை. உண்மையைச் சொன்னாலும் அவள் முறை. கூடுதலாகத் திருட்டுப் பட்டம் ஒன்றுதான் மிச்சம்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ, சுவருக்கு மேல் கண்டக்டர் தலை வந்து, "என்ன தம்பி, பஸ் வரலையா?" என்று கேட்டது. பின்னாலேயே ஜன்னல் திறந்தது.

"என்னங்க, இன்னும் போகலையா? போறதுன்னா டிராக்டர்லயே போயிட்டு வாங்க. அந்தப் பதினொரு பேருக்கும் நாளையிலிருந்து சாணி இழுக்க உங்க வண்டியைத்தான் சொல்லியிருக்கேன். கலப்பையைக் கழட்டி டிரெய்லரை நான் காலையிலேயே மாட்டிட்டேன்."